அரசரிடம் "முடியாது" என்று சொன்ன சிற்றூர்கள்: போலந்தின் செய்மிக் சபைகள்

1454 செப்டம்பர். போலந்து அரசர் நான்காம் கசிமியெஷ் போருக்குக் கிளம்பியிருந்தார். எதிரி டியூட்டானிக் சபை. பால்டிக் கடலோரம் பிரஷ்யாவைப் பிடித்து ஆண்டுகொண்டிருந்த ஜெர்மன் சமயப் போர்வீரர்களின் அமைப்பு அது. அதன் ஆட்சி பொறுக்காமல் அங்கிருந்த நகரங்களும் நிலக்கிழார்களும் கலகம் செய்து, எங்களை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள் என்று கசிமியெஷிடம் வந்து நின்றார்கள். கும்பிடப்போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி. அரசர் விடுவாரா?

அந்த நாட்டு வழக்கப்படி, போர் என்றால் நிலமுள்ள பிரபு ஒவ்வொருவரும் குதிரையும் ஆயுதமுமாக வந்து சேரவேண்டும். மேற்குப் போலந்துக்காரர்கள் வந்தார்கள். செரெக்விட்சா என்ற கிராமத்தருகே முகாம் போட்டார்கள். ஆனால் அங்கிருந்து நகரவில்லை. "முதலில் எங்கள் கோரிக்கைகளுக்கு முத்திரை வையுங்கள், சண்டையை அப்புறம் பார்க்கலாம்" என்றார்கள். அரசருக்கு வேறு வழியில்லை, முத்திரை வைத்தார். சில நாள்களிலேயே, செப்டம்பர் 18 அன்று, ஹோய்னிட்சேயில் அதே படை படுதோல்வி அடைந்து சிதறியது.

போரில் கோட்டைவிட்டவர்கள் சாசனத்தில் கோட்டைவிடவில்லை. நவம்பரில் நியெஷாவா என்ற ஊரில் நாட்டின் மற்ற பகுதிகளுக்கும் அதே மாதிரி சாசனங்கள் எழுதித்தரப்பட்டன. சாரம் இதுதான்: அந்தந்த வட்டாரத்துப் பிரபுக்கள் கூடும் சபையைக் கேட்காமல் அரசர் இனிப் படைதிரட்டக் கூடாது, புதுச் சட்டம் போடக் கூடாது. அந்த வட்டாரச் சபைக்குப் பெயர் செய்மிக். போலிஷ் மொழியில் 'செய்ம்' என்றால் நாட்டுக்கே பொதுவான பேரவை. 'செய்மிக்' என்றால் குட்டிச் செய்ம்.

போலந்தின் பழைய வரலாற்றைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் குட்டியை விட்டுவிட்டுப் பெரியதிலேயே நிற்பார்கள். ஒரே ஒரு உறுப்பினர் எழுந்து "நான் ஒப்பவில்லை" என்றால் பேரவையே கலைந்துபோகும் என்ற அந்த விநோத விதி, அதனால் நாடு அழிந்த கதை, அவ்வளவுதான். எனக்கு இந்தக் கதை எப்போதும் அரைகுறையாகவே தோன்றும். பேரவையில் எழுந்து "முடியாது" என்றவர் அந்தச் சொல்லைத் தன் வாயிலிருந்து மட்டும் எடுத்துப் பேசவில்லை. பெரும்பாலும் அது சில வாரங்களுக்கு முன்பு, எங்கோ ஒரு சிற்றூர் மாதா கோயிலில் எழுதி அவர் கையில் கொடுக்கப்பட்டது. அந்தக் கோயிலில் என்ன நடந்தது என்று தெரியாமல் அரசருக்கும் அவரை எதிர்த்தவர்களுக்கும் நடந்த இழுபறி பிடிபடாது.

கோயிலுக்குள் ஒரு சபை

யார் இந்தப் பிரபுக்கள்? போலிஷ் சொல் 'ஷ்லாக்தா'. பிரபு என்றதும் அரண்மனையும் பணியாளர்களுமாக ஒரு படம் மனதில் வரும். இங்கே அது பாதி உண்மை. பிரான்ஸில் நூற்றுக்கு இரண்டு பேர்கூடத் தேறாத அந்த வகுப்பு, போலந்திலும் லித்துவேனியாவிலும் நூற்றுக்கு ஏழெட்டுப் பேர் என்ற அளவில் இருந்தது. பல ஊர்களுக்குச் சொந்தக்காரரான ராட்ஜிவில் குடும்பத்தவரும் பிரபு. வார்சாவைச் சுற்றிய மசோவியாவில் தன் துண்டு நிலத்தைத் தானே உழுதுகொண்டு, இடுப்பில் வாள் மட்டும் தொங்கவிட்டிருந்தவரும் பிரபு. சட்டத்தின் முன் இருவரும் சமம். "தோட்டக்குடிசைப் பிரபு வோயெவோடாவுக்கு நிகர்" என்று அவர்களிடம் ஒரு பழமொழியே உண்டு. வோயெவோடா என்றால் மாகாணத்தின் தலைவர். ஒருவரையொருவர் "ஐயா, சகோதரரே" என்று அழைத்துக்கொண்டார்கள். இந்தச் சகோதரத்துவம் குடியானவர்கள் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை என்பதையும் சொல்லிவிடவேண்டும். 1520இல் இதே பிரபுக்களின் பேரவைதான் குடியானவர் ஒவ்வொருவரும் வாரத்தில் ஒரு நாளாவது நிலக்கிழாரின் வயலில் கூலியில்லாமல் உழைக்கவேண்டும் என்று சட்டம் போட்டது. போகப்போக அந்த ஒரு நாள் பல நாளானது.

சபை கூடும் விதம் இப்படி. அரசர் பேரவையைக் கூட்ட முடிவெடுத்தால், அதற்குச் சில வாரம் முன்பே ஒவ்வொரு வட்டாரத்துக்கும் கடிதத்தோடு ஒரு தூதரை அனுப்புவார். என்ன பிரச்சினை, எவ்வளவு வரி தேவை, எந்த எல்லையில் ஆபத்து என்பதெல்லாம் அதில் இருக்கும். மேற்குப் போலந்துக்காரர்கள் ஷ்ரோதாவில் கூடுவார்கள். கிராகோவ் மாகாணத்தார் ப்ரோஷோவிட்சேயில், சாந்தோமியெஷ் மாகாணத்தார் ஓபாத்தூஃபில், இன்றைய மேற்கு உக்ரைன் பக்கத்தவர்கள் விஷ்னியாவில். பெயர்களைப் பார்த்தாலே தெரியும், எல்லாம் சின்ன ஊர்கள். பெரிய மண்டபம் இருக்காது, ஊரிலேயே பெரிய கட்டடம் மாதா கோயில்தான். அதனால் பீடத்துக்கு முன்னாலேயே சபை நடக்கும். வாளோடுதான் வருவார்கள். சில நேரம் அது உறையிலிருந்து வெளியேயும் வரும்.

முதலில் சபைத் தலைவரைத் தேர்ந்தெடுப்பார்கள். அரசரின் தூதர் கடிதத்தைப் படிப்பார். ஊர்ப் பெரியவர்கள் பேசுவார்கள், அப்புறம் விவாதம். கடைசியில் பேரவைக்குப் போக, வட்டாரத்தைப் பொறுத்து, இரண்டிலிருந்து ஆறு பேரைத் தேர்ந்தெடுத்து, அவர்கள் கையில் 'அறிவுறுத்தல்' என்ற ஆவணத்தைக் கொடுப்பார்கள். எதற்கு ஒப்பலாம், எதற்கு ஒப்பக்கூடாது, எந்தக் குறை தீராமல் வரிக்குச் சம்மதிக்கக்கூடாது என்று வரிவரியாக எழுதியிருக்கும். பேரவை முடிந்து திரும்பியதும் இன்னொரு செய்மிக் கூடும். அங்கே அந்தப் பிரதிநிதிகள் நின்று கணக்கு ஒப்பிக்கவேண்டும்.

அரசர்களுக்குக் கண்ணில் விழுந்த தூசி இந்த அறிவுறுத்தல்தான். "முழு அதிகாரத்தோடு ஆள் அனுப்புங்கள், இங்கே வந்து பேசி முடிவெடுக்கட்டும்" என்று அரசவை கேட்டுக்கொண்டே இருந்தது. செய்மிக்குகளோ கயிற்றை இறுக்கிக்கொண்டே வந்தன. பதினேழாம் நூற்றாண்டில் வரி பற்றிய பேச்சு வந்தால் பிரதிநிதிகள் சொன்ன வழக்கமான பதில், "இதைச் சகோதரர்களிடம் கொண்டுபோகிறோம்" என்பது. நயமான பதில். மறுக்கவும் இல்லை, ஒப்பவும் இல்லை. வரி பாக்கி அப்படியே நிற்கும், எல்லையில் சம்பளம் வராத படைவீரர்கள் முணுமுணுப்பார்கள், அரசர் மறுபடி ஊர் ஊராகத் தூதர்களை அனுப்பவேண்டும்.

இதில் அரசர் வெறுங்கையோடு இருந்தார் என்று நினைக்கவேண்டாம். நாட்டின் பெரும் பதவிகள், அரச நிலங்களின் குத்தகை எல்லாம் அவர் கையால்தான் வழங்கப்பட்டன. வட்டாரத்தில் ஒரு பெரிய குடும்பத்துக்கு நல்ல எஸ்டேட்டைக் கொடுத்தால் அந்த வட்டாரத்துச் செய்மிக் கொஞ்சம் இளகும். ஒரே சிக்கல், பதவியைக் கொடுக்க முடிந்ததே தவிர, கொடுத்ததைத் திரும்பப் பிடுங்க முடியாது. ஆயுளுக்கும் அவருடையது. நேற்று நன்றி சொன்னவர் இன்று எதிர்க்கட்சித் தலைவர் ஆனால் அரசர் கையைப் பிசைந்துகொண்டு பார்த்திருக்கவேண்டியதுதான்.

கீழ்ப்படியாமைக்கும் ஒரு சட்டம்

1505இல் ராடோம் நகரில் கூடிய பேரவை, பிரபுக்களின் ஒப்புதலில்லாமல் புதிதாக எதுவும் இல்லை என்று சட்டமாக்கியது. சட்டத்தின் லத்தீன் பெயரே 'நிஹில் நோவி', புதிதாக எதுவுமில்லை. 1569இல் லுப்ளின் நகரில் போலந்தும் லித்துவேனியாவும் ஒரே நாடாக இணைந்தன. அந்த நாட்டை அவர்கள் 'ழெச்போஸ்போலிதா' என்றார்கள். குடியரசு என்று பொருள். ராஜா இருக்கும் குடியரசு. அவர்களுக்கு அதில் முரண்பாடு எதுவும் தெரியவில்லை.

1572இல் யாகெல்லோன் வம்சத்தின் கடைசி அரசர் வாரிசில்லாமல் இறந்தார். மேலே அரசர் இல்லை, அவர் பெயரில் நடந்த நீதிமன்றங்களும் நின்றுபோயின. ஆனால் நாடு அல்லோலகல்லோலப்படவில்லை. வட்டாரங்களில் பிரபுக்கள் கூடினார்கள், தற்காலிக நீதிமன்றங்களை அமைத்தார்கள், ஊரில் கொள்ளையும் கொலையும் நடக்காமல் பார்த்துக்கொண்டார்கள். அரசரைத் தேர்ந்தெடுக்கவும் அவர்களே வார்சா அருகே திரண்டார்கள். 1573 ஜனவரியில், கத்தோலிக்கர், புராட்டஸ்டன்ட் என்று பாராமல் சமயத்துக்காக ஒருவர் ரத்தத்தை ஒருவர் சிந்துவதில்லை என்று உடன்படிக்கையும் செய்துகொண்டார்கள். பாரிஸில் கத்தோலிக்கர்கள் புராட்டஸ்டன்ட்டுகளைக் கொன்று குவித்த புனித பார்த்தலோமியோ நாள் படுகொலை நடந்து ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. அவர்கள் தேர்ந்தெடுத்த புது அரசரோ அதே பிரெஞ்சு அரச குடும்பத்தைச் சேர்ந்த ஹென்றி.

ஹென்றியிடம் நீட்டிய நிபந்தனைகளுக்கு 'ஹென்றி விதிகள்' என்றே பெயர். பேரவையை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கூட்டவேண்டும், தன் மகனைத் தனக்குப்பின் அரசனாக அறிவிக்கக்கூடாது, போருக்கும் வரிக்கும் பேரவையின் சம்மதம் வேண்டும். கடைசியில் ஒரு பிரிவு: அரசர் இதையெல்லாம் மீறினால், அவருக்குக் கீழ்ப்படியும் கடமையிலிருந்து நாங்கள் விடுபடுகிறோம். அன்றைய ஐரோப்பாவில் வேறெங்கும் ராஜத்துரோகம் என்று தலையை எடுத்திருப்பார்கள். இங்கே அது முடிசூட்டும் பத்திரத்தின் ஒரு பத்தி. ஹென்றி அதை உறுதிப்படுத்தாமல் இழுத்தடித்தார். அண்ணன் இறந்து பிரெஞ்சுச் சிம்மாசனம் காலியானதும், 1574 ஜூனில் ராத்திரியோடு ராத்திரியாகக் கிராகோவ் அரண்மனையிலிருந்து ஓடியே போய்விட்டார். ஆனால் அவர் பெயர் தாங்கிய விதிகள் ஓடவில்லை. அவருக்குப் பின் வந்த ஒவ்வொரு அரசரும் அவற்றின்மீது சத்தியம் செய்தார்.

ரோகோஷ்

அந்தக் கடைசிப் பத்தியை நிஜமாகவே யாராவது பயன்படுத்தினால் என்ன ஆகும்? முப்பது வருடத்தில் பதில் கிடைத்தது.

மூன்றாம் சிகிஸ்மண்ட் ஸ்வீடனிலிருந்து வந்தவர். இறுகிய கத்தோலிக்கர், அதிகம் பேசாதவர். 1592இலேயே, போலந்து மகுடத்தை ஆஸ்திரியாவை ஆண்ட ஹாப்ஸ்பர்க் குடும்பத்துக்கு விட்டுக்கொடுக்க ரகசியமாகப் பேரம் பேசினார் என்ற குற்றச்சாட்டு பேரவையில் வெடித்தது. முன்னின்று கேட்டவர் அவருடைய சொந்த அமைச்சர் யான் ஜமோய்ஸ்கி. 1605இல் ஜமோய்ஸ்கி இறந்தார். அதே வருடம் சிகிஸ்மண்ட் இரண்டாம் திருமணம் செய்தார். மணப்பெண் இறந்த முதல் மனைவியின் தங்கை, மறுபடியும் ஹாப்ஸ்பர்க். நிரந்தரப் படை வேண்டும், அதற்கு நிலையான வரி வேண்டும் என்ற திட்டமும் கூடவே வந்தது. நாட்டுக்கு அது தேவையா என்றால், தேவைதான். ஸ்வீடனோடு போர் நடந்துகொண்டிருந்தது, தெற்கே தாத்தாரியர் தாக்குதல் ஓயவில்லை. ஆனால் சம்பளப் படை கையிலிருக்கும் அரசர் ஊர்ச் சபையிடம் வந்து கெஞ்சவேண்டிய அவசியமே இருக்காது என்பது பிரபுக்களுக்குத் தெரியாதா? தெரியும். பக்கத்து நாடுகளில் என்ன நடக்கிறது என்று பார்த்துக்கொண்டுதானே இருந்தார்கள்.

எதிர்ப்புக்குத் தலைமை ஏற்றவர் கிராகோவ் வோயெவோடா மிகோவாய் செப்ஷிதோவ்ஸ்கி. அவர் பரம கத்தோலிக்கர். கிராகோவுக்குத் தெற்கே மலைச்சரிவில் கிறிஸ்துவின் பாடுகளை நினைவூட்டும் சிற்றாலயங்களைக் கட்டியவர். இன்று யுனெஸ்கோ பட்டியலில் இருக்கும் கல்வாரியா செப்ஷிதோவ்ஸ்கா யாத்திரைத் தலம் அவர் உருவாக்கியதுதான். அப்படிப்பட்டவரோடு கைகோத்தவர் கால்வினிய புராட்டஸ்டன்ட்டான யானுஷ் ராட்ஜிவில். கூடவே அக்கம்பக்கத்தவரைக் கொள்ளையடித்தே பேர்போன, 'வான்சுட் பிசாசு' என்று பட்டப்பெயர் வாங்கிய ஸ்தானிஸ்வாவ் ஸ்தாத்னிட்ஸ்கி. கொள்கை, சொந்தக் கோபம், பிழைப்பு மூன்றும் ஒரே கூடாரத்தில். செப்ஷிதோவ்ஸ்கிக்குச் சொந்தக் கோபமும் இருந்தது. கிராகோவில் அவர் குடியிருந்த அரசாங்க வீட்டைக் காலிசெய்யச் சொல்லியிருந்தார் அரசர். "நான் வீட்டை விட்டுப் போகிறேன், அவர் நாட்டை விட்டுப் போவார்" என்று அவர் சொன்னதாக ஒரு கதை ஓடியது. நடந்ததோ இல்லையோ, மக்கள் நம்பிய கதை.

1606இல் பேரவைக்கு முந்தைய செய்மிக்கிலேயே அனல் பறந்தது. வசந்தத்தில் வார்சாவில் பேரவை நடக்கும்போதே ஸ்தென்ஷிட்சாவில் எதிர்ப்பாளர்கள் தனியாகக் கூடினார்கள். ஜூனில் லுப்ளினில், ஆகஸ்டில் சாந்தோமியெஷில் மறுபடி கூடினார்கள். அங்கே முறைப்படி அறிவித்தார்கள்: இது ரோகோஷ். இந்தச் சொல் ஹங்கேரியிலிருந்து வந்தது. பெஸ்ட் நகரை ஒட்டிய ராக்கோஷ் வெளியில் அந்த நாட்டுப் பிரபுக்கள் ஆயுதத்தோடு கூடுவார்கள், அந்த வெளியின் பெயரே போலந்தில் எதிர்ப்புக்குப் பெயரானது. 1537லேயே ல்வூவ் அருகே மால்டோவியப் படையெடுப்புக்குத் திரண்டவர்கள் போருக்குப் போகாமல் அரசரோடும் அரசியோடும் வாக்குவாதத்தில் இறங்கினார்கள். அதைக் 'கோழிப் போர்' என்று கிண்டல் செய்தார்கள். வாரக்கணக்கில் அங்கேயே உட்கார்ந்து சுற்றுவட்டாரத்துக் கோழிகளைத் தின்று தீர்த்ததுதான் அவர்கள் செய்த ஒரே யுத்தம்.

இந்த முறை கோழியோடு நிற்கவில்லை. ஜேசு சபையாரை வெளியேற்று, அந்நிய ஆலோசகர்களை நீக்கு என்று கோரிக்கைகள் நீண்டன. அக்டோபரில் சமாதானமாகி, அரசரிடம் மன்னிப்பும் கேட்டார் செப்ஷிதோவ்ஸ்கி. குளிர்காலம் போனதும் மறுபடி பற்றிக்கொண்டது. 1607 ஜூனில் சிகிஸ்மண்டை இனி அரசராக ஏற்கமாட்டோம் என்று அறிவித்தே விட்டார்கள். ஜூலை 6 அன்று குசூஃப் கிராமத்தருகே அரசரின் படை அவர்களை முறியடித்தது. நடத்தியவர்கள் ஜூல்கியெவ்ஸ்கியும் ஹொத்கியேவிச்சும், அந்தக் காலத்தின் இரண்டு பெரிய தளபதிகள்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுகிறது. யாரும் தூக்கு மேடை ஏறவில்லை. 1609 பேரவை பொதுமன்னிப்பு வழங்கியது. செப்ஷிதோவ்ஸ்கி 1620இல் சாகும்வரை கிராகோவின் வோயெவோடாவாகவே இருந்தார். ஒப்பிட்டுப் பார்க்க அடுத்த வீடே போதும். செக் நாட்டுப் பிரபுக்களும் இதே காலத்தில் ஹாப்ஸ்பர்க் அரசரைப் பதவி நீக்கி வேறொருவரைத் தேர்ந்தெடுத்தார்கள். 1620 நவம்பரில் வெள்ளை மலைப் போரில் தோற்றார்கள். 1621 ஜூன் 21 அன்று பிராக் நகரின் பழைய சதுக்கத்தில் அவர்களின் தலைவர்கள் 27 பேருக்கு மரணதண்டனை நிறைவேற்றப்பட்டது.

சிகிஸ்மண்டுக்கு மனம் இளகியது என்று இதற்கு விளக்கம் சொல்லமுடியாது. போரில் அவருக்காக நின்றவர்களில் பலரே அவருடைய திட்டத்தை ஏற்கவில்லை. ஜூல்கியெவ்ஸ்கி மறைந்த ஜமோய்ஸ்கியின் ஆள், அரசவைக் கட்சி அல்ல. கலகம் கூடாது என்பதற்காக வாள் எடுத்தவர்கள், சர்வாதிகாரத்துக்காக எடுக்கவில்லை. நிலையான வரித் திட்டத்தைச் சிகிஸ்மண்ட் மடித்து வைத்துவிட்டார். கீழ்ப்படியாமைப் பத்தியை நீக்கவும் முடியவில்லை. 1607லும் 1609லும் பேரவை அதற்கு நடைமுறை எழுதியது: அரசர் தவறினால் முதலில் தனிமையில் எச்சரிக்கவேண்டும், கேட்காவிட்டால் பேரவையில் சொல்லவேண்டும், அப்படியும் திருந்தாவிட்டால்தான் கீழ்ப்படிதலை விலக்கலாம். தோற்ற கலகம் சட்டப் புத்தகத்தில் ஜெயித்தது.

எதிர்ப்பு யார் கையில்?

அடுத்த ஐம்பது வருடத்தில் வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் அப்படியேதான் இருந்தது. அதே செய்மிக், அதே கோயில், அதே அறிவுறுத்தல். உள்ளே ஆள் மாறிவிட்டது.

உக்ரைன் எல்லைப் போர்வீரர்களான கோசாக்குகளின் கிளர்ச்சி 1648இல் வெடித்தது. 1655இல் ஸ்வீடன் படையெடுத்தது. ஊர்கள் எரிந்தன, வயல்கள் தரிசாயின. நூறு ஏக்கரோ இருநூறு ஏக்கரோ வைத்துக்கொண்டு யாருக்கும் பணியாமல் பேசிவந்த நடுத்தரப் பிரபுதான் இதில் அதிகம் அடிபட்டார். செய்மிக்கின் முதுகெலும்பே அவர்தான். பெரும் குடும்பங்களோ நஷ்டத்திலிருந்து எழுந்துவிட்டன. இனி அவர்களை அண்டித்தான் பிழைக்கவேண்டும், மகனுக்கு வேலையும் கடனும் வழக்கில் உதவியும் அங்கேதான். அதற்கு விலை செய்மிக்கில் ஒரு குரல். தேர்தல் நாளில் நிலமில்லாப் பிரபுக்களை வண்டி வண்டியாகக் கொண்டுவந்து இறக்கி, சாப்பாடும் சாராயமும் கொடுத்து, யாருக்குக் கத்தவேண்டும் என்று சொல்லிக்கொடுப்பார்கள். சட்டப்படி ஒவ்வொருவரும் வோயெவோடாவுக்கு நிகர்தான்!

1652 மார்ச் 9 அன்று, உபிதா வட்டாரத்துப் பிரதிநிதி ஷிசின்ஸ்கி, பேரவையின் கூட்டநாளை நீட்டிக்க ஒப்பமாட்டேன் என்று ஒற்றை ஆளாகச் சொல்லிவிட்டு வெளியேறினார். பேரவை முடிவெதுவும் எடுக்காமல் கலைந்தது. தனிமனித மறுப்புரிமையின் தொடக்கம் என்று இதைத்தான் சொல்வார்கள். ஆனால் ஷிசின்ஸ்கி தனிமனிதர் அல்ல. லித்துவேனியாவின் யானுஷ் ராட்ஜிவில், அதாவது முன்பு சொன்ன ராட்ஜிவில் குடும்பத்தின் அடுத்த தலைமுறைக்காரர், அவருக்குப் பின்னால் இருந்தார். சிறியவர் வாய், பெரியவர் வார்த்தை.

யான் கசிமியெஷ் அரசருக்கு இந்த ஆபத்து புரிந்திருந்தது. 1661 பேரவையில், இப்படியே போனால் ரஷ்யாவும் பிராண்டன்பர்க்கும் ஆஸ்திரியாவும் இந்த நாட்டைத் துண்டுபோட்டுக்கொள்ளும் என்று சொன்னார். 111 வருடம் கழித்து அந்த மூவரும்தான் (பிராண்டன்பர்க் அப்போது பிரஷ்யா என்ற பெயரில்) அதைச் செய்தார்கள். ஆனால் அவர் கையிலெடுத்த மருந்து, தான் உயிரோடு இருக்கும்போதே அடுத்த அரசரைத் தேர்ந்தெடுத்துவிடுவது. அரசி மரி லூயிஸ் இதற்காக ஒரு பிரெஞ்சு வேட்பாளரை வைத்திருந்தார். ஹென்றி விதிகளை மனப்பாடமாக வைத்திருந்தவர்களுக்கு இதைவிடப் பெரிய அபசகுனம் வேண்டுமா? எதிர்த்து நின்ற தளபதி யெர்ஷி செபஸ்தியான் லுபோமிர்ஸ்கியை 1664இல் பேரவை நீதிமன்றம் துரோகி என்று தண்டித்தது. மறுவருடம் அவர் படையோடு திரும்பிவந்தார். செய்மிக்குகள் அவருக்குப் பதவியைத் திருப்பிக்கொடு என்றன, அவருடைய ஆட்கள் பேரவைகளைக் கலைத்தார்கள். 1666 ஜூலை 13 அன்று மோன்த்வியில் அரசரின் தேர்ந்த படை கொன்று குவிக்கப்பட்டது. ஸ்வீடனை விரட்டிய அனுபவசாலி வீரர்கள் ஒரே நாளில் தங்கள் நாட்டவர் கையாலேயே செத்தார்கள். 1668இல் யான் கசிமியெஷ் முடியைத் துறந்து பிரான்ஸுக்குப் போய் ஒரு மடத்தின் தலைவரானார்.

குசூஃபில் அரசர் ஜெயித்தும் திட்டம் தோற்றது. மோன்த்வியில் அரசரும் தோற்றார், திட்டமும் தோற்றது. லுபோமிர்ஸ்கிக்கும் எதுவும் கிடைக்கவில்லை, அவர் சில மாதங்களில் இறந்துபோனார்.

அதன்பின் பேரவை முடங்க முடங்க, நாட்டை நடத்தியதே செய்மிக்குகள்தான். இதைப் பலர் சொல்வதில்லை. மதுவரியை வட்டாரச் சபைகளே வசூலித்தன, தங்களுக்கென்று கருவூலம் வைத்துக்கொண்டன, வட்டாரப் படைவீரர்களைக் கூலிக்கு அமர்த்தின, அரசுப் படையின் சம்பளத்தைக்கூடச் சில காலம் அவை பங்குபோட்டுக் கொடுத்தன. கூட்டத்தை முடிக்காமல் ஒத்திவைத்தே போகும் தந்திரம் ஒன்றையும் கண்டுபிடித்தார்கள். முடியாத கூட்டத்தைத் தொடர அரசரின் அழைப்பு தேவையில்லையே! ஒரு வகையில் நல்ல உள்ளாட்சி. ஆனால் விஷ்னியாக்காரர் தன் எல்லையைப் பார்த்துக்கொள்வார், ஷ்ரோதாக்காரர் தன்னுடையதை. மொத்தத்தையும் பார்க்க ஆளில்லை.

1717 பிப்ரவரி 1 அன்று ரஷ்யப் படைகளின் நிழலில் ஒரே நாள் பேரவை கூடியது. யாரும் பேச அனுமதிக்கப்படாததால் அதற்கு 'ஊமைப் பேரவை' என்றே பெயர். செய்மிக்குகளின் வரி அதிகாரம் வெட்டப்பட்டது, கூட்டத்தை ஒத்திவைக்கும் தந்திரம் தடைசெய்யப்பட்டது, நாட்டின் படை 24,000 பேரில் நிறுத்தப்பட்டது. செய்மிக்கை அடக்க அரசர்கள் நூறு வருடமாகப் பட்ட பாடு பக்கத்து நாட்டு ஜாரின் தயவில் ஒரே நாளில் முடிந்தது. பேரவையை எழுப்ப அது உதவவில்லை. மூன்றாம் அகஸ்டஸின் முப்பது வருட ஆட்சியில் ஒழுங்காக நடந்து முடிந்த பேரவை ஒன்றே ஒன்று, 1736இல். தமிழ்க் காதுக்குச் 'செய்ம்' என்பது 'செய்யும்' மாதிரி கேட்கலாம். அந்த முப்பது வருடம் எதையும் செய்யாத செய்ம்.

கடைசிக் காட்சி வேறு மாதிரி. 1772இல் முதல் பிரிவினை நடந்து நாட்டின் ஒரு பெரும் பங்கு போனபின், மிச்சமிருந்தவர்கள் விழித்துக்கொண்டார்கள். 1791 மார்ச் 24 அன்று வந்த செய்மிக் சட்டம் நிலமில்லாப் பிரபுக்களிடமிருந்து வாக்குரிமையை எடுத்தது. ஏழைகளின் உரிமையைப் பறித்த சட்டம் என்றும் பார்க்கலாம், வண்டியில் ஆள் ஏற்றிவந்த பெரிய குடும்பங்களின் கையை உடைத்த சட்டம் என்றும் பார்க்கலாம். போட்டவர்கள் மனதில் இருந்தது இரண்டாவது. மே 3 அன்று வந்த புதிய அரசியலமைப்பு ஒற்றை ஆள் மறுப்புரிமையை ஒழித்தது, வம்சாவளி ஆட்சியைக் கொண்டுவந்தது. எந்த வார்த்தையைக் கேட்டால் செய்மிக்குகள் இருநூறு வருடமாக வாளைத் தொடுமோ, அந்த வார்த்தை.

1792 பிப்ரவரியில் நாடெங்கும் செய்மிக்குகள் கூடின. புதிய அரசியலமைப்பை ஏற்பீர்களா என்ற கேள்வியோடு ஸ்தானிஸ்வாவ் அகஸ்ட் அரசரின் ஆட்கள் ஊர் ஊராகப் போயிருந்தார்கள். பெரும்பாலானவை ஏற்றன. சில சத்தியமே செய்தன, சில அரசருக்கு நன்றி தெரிவித்தன. கோயில்களில் கூடிய பிரபுக்கள் அரசரின் திட்டத்துக்கு அத்தனை இடங்களில் சரி என்றார்கள்.

மே மாதம் மூன்று பெரும் குடும்பத் தலைவர்கள் தார்கோவிட்சா என்ற ஊரின் பெயரில் ஒரு கூட்டணியை அறிவித்தார்கள். பழைய சுதந்திரத்தை அரசரின் கொடுங்கோன்மையிலிருந்து மீட்கிறோம் என்றது அறிக்கை. செப்ஷிதோவ்ஸ்கி பேசிய அதே மொழி. எழுதியது ரஷ்யத் தலைநகர் பீட்டர்ஸ்பர்க்கில். அதே வாரம் ரஷ்யப் படை எல்லையைக் கடந்தது. ஜூலையில் அரசரும் அந்தக் கூட்டணியில் சேர்ந்தார்.